சலங்கு வந்த கரை: புதுவைக் கடற்கரையும் சாப்பாட்டுக் கடைகளும்

வெள்ளிக்கிழமை மாலையானால் நம் ஊரில் வெளியூர் வண்டிகள் நிறைந்துவிடுகின்றன. வருகிறவர்கள் நம்மைப் போன்ற கிழங்களைப் பார்த்துக் கேட்பது இரண்டே கேள்விதான். "பிரெஞ்சு சாப்பாடு எங்கே நன்றாக இருக்கும்?" என்பது ஒன்று. "பீச் எங்கே சார் இருக்கு? வெறும் கல்லாக இருக்கே!" என்பது மற்றொன்று. முதல் கேள்விக்கு ஏதோ ஒரு தெருப்பெயரைச் சொல்லி அனுப்பிவிடலாம். இரண்டாவது கேள்விக்கு அப்படிச் சொல்ல முடிவதில்லை.

யோசித்துப் பார்த்தால் இரண்டு கேள்விக்கும் பதில் ஒரே சரித்திரத்தில் இருக்கிறது. இந்தக் கரை உலாவுவதற்காக ஏற்பட்டதல்ல. சரக்கு இறக்குவதற்காக ஏற்பட்டது. இன்று சுற்றிப் பார்க்கிற இடங்களில் பல, கப்பலுக்காகக் கட்டியவை. ஓட்டலில் கேட்டு வாங்கிச் சாப்பிடுகிற பண்டங்களில் பல, கப்பலில் வந்தவை, அல்லது கப்பலில் போய்த் திரும்பியவை. அந்தக் கணக்கை ஒரு முறை வரிசையாக எழுதி வைக்கலாமென்று இந்தக் கட்டுரை.

தெற்கிலிருந்து தொடங்குவோம். அரியாங்குப்பம் ஆற்றங்கரையில் காக்காயன்தோப்பு பக்கத்தில் அரிக்கமேடு. 1945-ல் மார்ட்டிமர் வீலர் அங்கே தோண்டினார். அவருக்குப் பிறகு 1947 முதல் 1950 வரை பிரெஞ்சுக்காரரான கசால் தோண்டினார். பின்னர் 1989 முதல் விமலா பெக்லி அம்மையார் தலைமையில் மறுபடியும் ஆய்வு நடந்தது. மணிகள், சாயத்தொட்டிகள், இத்தாலிய நாட்டுச் சிவப்புப் பாண்டங்கள் எல்லாம் கிடைத்தன. அவற்றோடு கிடைத்தவை, இரண்டு கைப்பிடி வைத்து அடி கூராக இருக்கும் நீண்ட ஜாடிகளின் ஓடுகள். அந்த ஜாடிகளில் வந்தது என்ன? திராட்சை மது, ஆலிவ் எண்ணெய், மீனை உப்பிலிட்டு ஊற வைத்து வடித்த ஒரு சாறு. ரோமாபுரிக்காரர்கள் நாம் ரசப்பொடி போடுவதைப் போல எல்லாவற்றிலும் அந்த மீன்சாற்றை ஊற்றிச் சாப்பிட்டவர்கள். ஏறக்குறைய இரண்டாயிரம் ஆண்டுக்கு முன்பே இந்தக் கரையில் வெளிநாட்டுச் சாப்பாடு இறங்கியிருக்கிறது! அக்காலத்துக் கிரேக்க மாலுமி ஒருவர் எழுதிய கையேட்டில் வரும் 'பொதுகே' என்ற துறை இதுதான் என்பது அறிஞர்கள் பலர் கருத்து. இன்று அங்கே போனால் மாந்தோப்பும், ஒரு பழைய கட்டடத்தின் இரண்டு சுவரும், ஆற்றங்காற்றும்தான் இருக்கும். கடை கிடையாது. தண்ணீர் பாட்டிலும் கட்டுச்சோறும் கொண்டு போவது நல்லது.

பிரெஞ்சுக்காரர்கள் வந்தது 1674-ல். பிரான்சுவா மர்த்தேன் கடை விரித்த அந்த நாளிலும், அதன் பிறகு மூன்று நூற்றாண்டு வரையிலும், புதுவைக்குச் சரியான துறைமுகம் கிடையாது. கப்பல் கரைக்கு வராது. ஆழத்தில் நங்கூரம் போட்டு நிற்கும். அலையைத் தாண்டிப் போய் ஆளையும் சரக்கையும் ஏற்றி இறக்கியது சலங்கு. தென்னங்கயிற்றால் பலகைகளைத் தைத்துச் செய்த படகு அது. ஆணி கிடையாது. ஆணி அடித்த படகு அலையில் மோதினால் பிளந்து போகும், தைத்த படகு வளைந்து கொடுக்கும். ஆனந்தரங்கப் பிள்ளையின் நாட்குறிப்பைப் புரட்டினால் எந்தக் கப்பல் வந்தது, எத்தனை பீரங்கி போட்டார்கள், சலங்கில் யார் போனார்கள் என்பது திரும்பத் திரும்ப வரும். பிரெஞ்சுப் பள்ளியில் படித்த எங்கள் வயதுக்காரர்களுக்கு 'ஷெலேங்க்' என்ற சொல் பாடப்புத்தகத்தில் பிரெஞ்சுச் சொல்லாகத்தான் அறிமுகம். அது நம் குப்பத்துச் சலங்கேதான் என்று தெரிய எத்தனையோ வருஷம் ஆயிற்று.

ஆக, துய்ப்ளெக்ஸ் காலத்துப் பட்டோ, சீமைச் சாராயமோ, கவர்னர் பெண்சாதியின் நாற்காலியோ, எல்லாம் மீனவர் கையால்தான் இந்த மண்ணில் இறங்கின. இதை நினைவில் வைத்துக்கொண்டு கடற்கரைச் சாலையில் நடந்து பாருங்கள். பழைய கலங்கரை விளக்கம் 1836-ல் ஏற்றியது, இரவில் வரும் கப்பலுக்காக. பக்கத்திலே சுங்க அலுவலகம், இறங்கிய சரக்குக்குத் தீர்வை போட. காந்தி சிலையைச் சுற்றி நிற்கும் சிற்பத்தூண்கள் செஞ்சியிலிருந்து கொண்டு வந்தவை. அதற்கு நேரே கடலுக்குள் நீண்டிருந்தது 1866-ல் திறந்த இரும்புப் பாலம். சலங்கின் உபத்திரவம் இல்லாமல் சரக்கு இறக்க அதைக் கட்டினார்கள். 1879-ல் விழுப்புரத்திலிருந்து ரயிலும் வந்து சேர்ந்தது. வேர்க்கடலை மூட்டைகள் இந்தக் கரை வழியாகத்தான் மர்செய் பட்டணத்துக்குப் போயின. நீலத்துணிக் கட்டுகள் ஆப்பிரிக்காவின் செனகல் வரை போயின.

அந்தப் பாலம் 1952 புயலில் போயிற்று. பிறகு தெற்கே துப்ராயப்பேட்டைப் பக்கம் புதிய பாலம் கட்டினார்கள். அதிலும் ஒரு பகுதி 2022-ல் இடிந்து கடலில் விழுந்தது. பாலங்கள் போனாலும் துறைமுக அலுவலகக் கட்டடம் தப்பிப் பிழைத்தது. எப்படி? காபிக் கடையாக மாறி! காந்தி திடலை ஒட்டி, கடலை முட்டிக்கொண்டு நிற்கும் 'லெ கஃபே' தான் அது. சுற்றுலா வளர்ச்சிக் கழகம் அதை வெகுகாலம் இரவு பகலாக நடத்தி வந்தது. அங்கே காபி குடிக்கிற பிள்ளைகளுக்குத் தாங்கள் உட்கார்ந்திருப்பது கப்பல் கணக்கு எழுதிய இடம் என்று யாரும் சொல்வதில்லை.

சரி, அந்த நாளில் வெளியே சாப்பிட்டது யார்? வெள்ளைக்காரத் துரைமாருக்கும், கப்பலிலிருந்து இறங்கியவருக்கும் வாய்க்காலுக்குக் கிழக்கே தங்கும் விடுதியும் சாராயக் கடையும் இருந்தன. நம்மவர் வீடுகளில் வெளியே சாப்பிடுவது கௌரவக் குறைச்சல். ஜாதி ஒரு காரணம், காசு ஒரு காரணம். யாத்திரை போனால் சத்திரம். இல்லையென்றால் புளிச்சோற்று மூட்டை. காபி கிளப்பு வந்த பிறகும் ஆண்கள்தான் போனார்கள். பெண்கள் படியேற இன்னும் ஒரு தலைமுறை ஆயிற்று. அசைவம் சாப்பிட மிலிட்டரி ஓட்டல். அங்கே போய் வந்ததைச் சிலர் வீட்டில் சொல்லவே மாட்டார்கள்.

நம்மவர்களுக்குக் கடற்கரைச் சுற்றுலா என்று ஒன்று இல்லாமலும் இல்லை. மாசிமகத்துக்கு வைத்திக்குப்பம். சுற்றுவட்டாரத்துச் சாமிகளெல்லாம் தீர்த்தவாரிக்கு வந்து வரிசையாக நிற்கும். ஆடி ஐந்தாவது வெள்ளிக்கு வீராம்பட்டினம் செங்கழுநீர் அம்மன் தேர். பிரெஞ்சுக் கவர்னர் வடம் பிடித்துத் தொடங்கி வைத்த தேர் அது. இன்றைக்கும் துணைநிலை ஆளுநர் வந்து வடம் பிடிக்கிறார். குடும்பத்தோடு மணலில் உட்கார்ந்து மூட்டையை அவிழ்த்து எலுமிச்சைச் சாதமும் வறுத்த கருவாடும் தின்றதுதான் நம்முடைய 'பீச் ரெஸ்டாரண்ட்'. மணலே பந்திப் பாய்.

இதே கரையிலிருந்து இன்னொரு வகைப் பயணமும் நடந்தது. அதை உல்லாசப் பயணத்தோடு சேர்த்து எழுதக் கை கூசுகிறது. ஆனால் விட்டுவிட்டால் சரித்திரம் ஆகாது. பிரெஞ்சுத் தீவுகளில் அடிமை முறை 1848-ல் ஒழிந்தது. கரும்புத் தோட்டத்துக்கு ஆள் வேண்டியிருந்தது. 1853-ல் 'ஒரேலி' என்ற கப்பல் புதுவைக் கூலியாட்களை மர்த்தினிக் தீவில் கொண்டு போய் இறக்கியது. அடுத்த ஆண்டு குவாதலூப். அடுத்த முப்பத்தைந்து ஆண்டுகளில் மர்த்தினிக்குக்கு 25 ஆயிரத்துக்கும் மேல், குவாதலூப்புக்கு 40 ஆயிரத்துக்கும் மேல் நம் நாட்டவர் போனார்கள். அவர்களில் மிகப் பலர் புதுவையிலும் காரைக்காலிலும் கப்பலேறியவர்கள். திரும்பியவர்கள் கொஞ்சம் பேர்தான். ஒப்பந்தச் சீட்டில் கைநாட்டு வைத்துவிட்டுச் சலங்கில் ஏறினவர் மூட்டையில் மஞ்சள், மல்லி, மிளகு, சீரகம் இருந்திருக்கும். அந்தத் தீவுகளில் இன்று எல்லாரும் சமைக்கும் மசாலாக் குழம்புக்குப் பேர் 'கொலோம்போ'. நம் 'குழம்பு' தான் அப்படி ஆயிற்று என்று பலர் சொல்கிறார்கள். பேச்சுத்தமிழ் மறந்து போன பேரன் பேத்திகளிடம் அந்த ருசி மட்டும் தங்கியிருக்கிறது.

போன சொல் ஒன்று. போய்த் திரும்பி வந்த சொல் ஒன்று. சித்திரை வெயிலில் மொட்டை மாடியில் சின்ன வெங்காயம், பூண்டு, கடுகு, உளுந்து, வெந்தயம், சீரகம் எல்லாம் இடித்து, விளக்கெண்ணெய் தொட்டு உருட்டி, நாள் கணக்கில் காய வைப்பது வடகம். மீன்குழம்பில் ஒரு உருண்டை தாளித்தால் தெருமுனை வரை வாசம் வரும். இந்த வடகம் பிரெஞ்சுக்காரர் வீட்டுச் சமையலறைக்குப் போய் 'வாதுவான்' ஆயிற்று. இன்று பாரீசிலும் அமெரிக்காவிலும் பெரிய சமையல்காரர்கள் அந்தப் பேரில் வைத்துச் சமைக்கிறார்கள். ஆகவே நம் ஊருக்கு வந்து அதிக விலை கொடுத்து 'வாதுவான்' போட்ட பிரெஞ்சுப் பண்டம் சாப்பிடுகிறவர் தட்டில் இருப்பது, குயவர்பாளையத்து மாடியில் காயும் அதே உருண்டைதான். பாவம், அவருக்குத் தெரியாது.

வினிகர் ஊற்றிச் செய்யும் விந்தாலு போர்த்துகீசியர் வழி வந்தது. 1881-ல் குடும்பப் பெயர் வைத்துக்கொண்டு பிரெஞ்சுச் சட்டத்துக்கு மாறும் உரிமை வந்தபின், நம் ஊர்க்காரர் பலர் இந்தோசீனாவில் உத்தியோகம் பார்க்கப் போனார்கள். சைகோனிலிருந்து திரும்பிய குடும்பங்கள், அரிசித் தாளில் கறியும் சேமியாவும் சுருட்டிப் பொரிக்கும் 'நேம்' செய்யக் கற்று வந்தன. சொல்தா வீட்டுக் கல்யாணங்களில் அதைச் சாப்பிட்டவர்கள் இதைப் படிப்பவர்களில் இருப்பீர்கள். இவையெல்லாம் சேர்ந்ததுதான் 'புதுச்சேரிச் சமையல்'. இதில் பிரான்சு தேசத்துக்கு எவ்வளவு பங்கோ, அதைவிடக் கூடுதல் பங்கு நம் அம்மாக்களுக்கும் ஆயாக்களுக்கும்.

அடுத்து, யாரும் மேடையில் பேச விரும்பாத விஷயம்: குடி. நம் ஊர் பேரே அதனால்தானே வெளியூரில் பரவியது! இதற்கும் எல்லைக்கோடுதான் காரணம். 1941-ல் பிரிட்டிஷ் இந்தியாவோடு சுங்க ஒப்பந்தம் செய்து, இரண்டு பக்கமும் ஒரே தீர்வை என்று வைத்திருந்தார்கள். 1949-ல் அது முடிந்தது. எல்லையெல்லாம் சுங்கச்சாவடி முளைத்தது. அதற்கு முந்தின ஆண்டுதான், 1948-ல், சென்னை மாகாணம் முழுக்க மதுவிலக்கு வந்திருந்தது. ஆற்றுக்கு அந்தப் பக்கம் குற்றம், இந்தப் பக்கம் லைசென்சு. இப்படி இருந்தால் கூட்டம் எந்தப் பக்கம் வரும்? 1954 நவம்பர் 1-ல் பிரெஞ்சு ஆட்சி கை மாறியது. 1962 ஆகஸ்ட் 16-ல் சட்டப்படியும் முடிந்தது. சுங்கச்சாவடி போயிற்று. மதுவிலக்கு எல்லை மட்டும் 1971 வரை அப்படியே நின்றது. கடலூரிலிருந்தும் விழுப்புரத்திலிருந்தும் கடைசி பஸ்ஸுக்கு முன் வந்து போனவர்களுக்காகத் தோன்றிய கடைகளும், அவற்றோடு ஒட்டிய வறுவல் கடைகளும் நம் ஊர் ஓட்டல் தொழிலின் ஒரு அஸ்திவாரம். அந்தப் பேரால் நம் பிள்ளைகளுக்கு வெளியூரில் ஏற்பட்ட தலைகுனிவும் கணக்கில் சேர வேண்டியதே.

குடும்பம் குடும்பமாக வெளியே சாப்பிடப் பழக்கியதில் காபி ஹவுசுக்குப் பங்குண்டு. காபி போர்டு தன் கடைகளை மூட, 1957-58 வாக்கில் வேலையிழந்த தொழிலாளர்கள் ஏ.கே. கோபாலன் முன்னின்று ஊக்க, கூட்டுறவுச் சங்கம் அமைத்து நாடெங்கும் அவற்றை நடத்தினார்கள். நேரு வீதியில், அதாவது பழைய துய்ப்ளெக்ஸ் வீதியில், நம் ஊர்க் காபி ஹவுஸ். தலைப்பாகையும் அகலமான இடுப்புப்பட்டையும் கட்டிய பரிமாறுபவர்கள். வக்கீல், வாத்தியார், குமாஸ்தா, மார்க்கெட் வியாபாரி எல்லாரும் ஒரே மேஜை. யார் எந்த ஜாதி என்று யாரும் கேட்டதில்லை. யான் மார்ட்டெல் 2001-ல் எழுதிய 'லைஃப் ஆஃப் பை' நாவலின் முன்னுரையில், கதையே இந்தக் காபி ஹவுசில் ஒரு பெரியவர் சொன்னதாகத் தொடங்குகிறது. அதைப் படித்துவிட்டு வெள்ளைக்காரர்கள் தேடிக்கொண்டு வந்தார்கள். நமக்கு அது சம்பள நாள் காபியும் கட்லெட்டும்தான்.

1968-ல் ஆரோவில், தொண்ணூறுகளின் கடைசியில் கிழக்குக் கடற்கரைச் சாலை. சென்னைக்காரருக்கு நாம் மூன்று மணி நேரத் தூரம் ஆனோம். வாய்க்காலுக்குக் கிழக்கே காலியாகக் கிடந்த பழைய மாளிகைகள் விடுதிகளாயின, முற்றங்கள் சாப்பாட்டு மேஜைகளாயின. இதில் குறையும் உண்டு, நன்மையும் உண்டு. மேஜை போட்ட மாளிகை நிற்கிறது. பயனில்லாமல் விட்ட மாளிகை இடிகிறது. 1870-71-ல் கட்டிய மேரி கட்டடத்தை நாம் பூட்டியே வைத்திருந்தோம். 2014 நவம்பர் மழையில் அது பொலபொலவென்று உட்கார்ந்தது. அதே வடிவில் புதிதாகக் கட்டி 2021-ல் திறந்தார்கள். நம் தமிழர் பகுதியில் வைசியாள் வீதியின் திண்ணை வீடுகளைப் புதுப்பித்த வேலைக்கு 2008-ல் யுனெஸ்கோ விருது கிடைத்தது. அந்த வீதிக்கு எத்தனை பேர் விருந்தாளியை அழைத்துப் போகிறோம்?

இப்போது அந்த இரண்டாவது கேள்வி. பீச் எங்கே?

நம் கடலோரத்தில் மணல் ஓரிடத்தில் நிற்காது. ஆண்டில் பெரும்பகுதி அலை மணலைத் தெற்கிலிருந்து வடக்கே தள்ளும். ஐப்பசி, கார்த்திகை வாடையில் கொஞ்சம் தெற்கே திருப்பும். வருஷக் கணக்கில் வடக்கே போவதுதான் அதிகம். தைத்த படகுக்கும், தூண்கள் மேல் நின்ற இரும்புப் பாலத்துக்கும் இந்த மணல் ஓட்டம் இடைஞ்சலாக இல்லை. தூண்களுக்கு நடுவே மணல் போய்க்கொண்டே இருந்தது. 1980-களின் கடைசியில் அரியாங்குப்பம் ஆற்றின் முகத்துவாரத்தில் துறைமுகத்துக்காகக் கருங்கல் கொட்டித் தடுப்புக் கரை கட்டினார்கள். மணல் தெற்கிலே தேங்கியது. வடக்கே வருவது நின்றது. அலை மட்டும் வழக்கம்போல் அரித்துக்கொண்டே இருந்தது. சில ஆண்டுகளில் காந்தி சிலைக்கு முன்னால் நாம் உட்கார்ந்த மணலெல்லாம் போய்விட்டது. சாலையைக் காப்பாற்றப் பாறை கொட்டினார்கள். பாறை கொட்டிய இடம் நின்றது. அரிப்பு அடுத்த ஊருக்கு நகர்ந்தது. கோட்டக்குப்பம், சின்னமுதலியார்சாவடி, பொம்மையார்பாளையம் என்று மீனவர் வீடுகள் ஒவ்வொன்றாகக் கடலுக்குள் போயின. படகு இழுத்துப் போட மணல் இல்லை, வலை உலர்த்த இடமில்லை. முன்னூறு ஆண்டு கப்பல் சரக்கை அலை தாண்டிக் கொண்டு வந்து சேர்த்தவர்களின் சந்ததிக்கு, கடைசியாக வந்த துறைமுகம் கொடுத்த கூலி இது.

நல்ல சேதியும் உண்டு. தேசியக் கடல் தொழில்நுட்ப நிறுவனம் வடிவமைத்து, தலைமைச் செயலகத்துக்கு எதிரே கடலுக்குள் ஆப்பு வடிவத்தில் ஒரு செயற்கைத் திட்டை 2018-19-ல் அமைத்தார்கள். அலையின் வேகம் தணிந்து அங்கே மறுபடியும் மணல் சேர்ந்தது. பேரப்பிள்ளைகள் மணல்வீடு கட்டுவதைக் காண முடிகிறது. ஆனால் அது ஒரு துண்டு மணல்தான். வடக்கே உள்ள குப்பங்களுக்கு அது போதாது.

ஆகவே அடுத்த முறை உறவினர் வந்தால் இப்படி ஒரு நாளை ஒதுக்குங்கள். காலையில் அரிக்கமேடு. அங்கிருந்து நோணாங்குப்பம் போய்ச் சுண்ணாம்பாற்றில் படகேறி, ஆறு கடலில் சேரும் இடத்து மணலில் கொஞ்சம் நிற்கலாம். மத்தியானம் ஊருக்குள் நல்ல மீன்குழம்பு. வடகம் தாளித்ததா என்று கேட்டுச் சாப்பிடுங்கள். சாயங்காலம் வைசியாள் வீதி வழியாக நடந்து கடற்கரை. துறைமுக அலுவலகத்தில் ஒரு காபி. அப்போது சலங்கைப் பற்றியும், தீவுக்குப் போனவர்களைப் பற்றியும், கோட்டக்குப்பத்தில் வீடிழந்தவர்களைப் பற்றியும் இரண்டு வார்த்தை சொல்லுங்கள். அது சாப்பாட்டுப் பட்டியலில் அச்சடிக்காத பகுதி. நம் தலைமுறை சொல்லாவிட்டால் சொல்ல ஆளில்லை.